கிளீனர் ராஸ் மீன்: நோய்த் தடுப்புக்காக வாங்கலாமா? ஒரு மதிப்புரை

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் கிளீனர் ராஸ் மீனை விற்கும்போது பெரும்பாலும் ஒரே காரணந்தான் சொல்லப்படுகிறது. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளை இது பொறுக்கித் தின்றுவிடும், ஆகவே தொட்டியில் நோய் வராது என்பதே அது. வெண்புள்ளி நோய் கண்டு கலங்கிப்போய் வருபவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இருக்க முடியாது. மருந்து கலக்க வேண்டாம், பவளங்களுக்குப் பாதிப்பில்லை, அழகான மீன் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கிறது. இந்த மீனையும், இதே வேலைக்காக விற்கப்படும் நியான் கோபியையும், துப்புரவு இறாலையும் ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் தொட்டியில், நெடுநாள் வைத்துக் கவனித்துவந்த அனுபவத்தில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளீனர் ராஸ் அபூர்வமான மீன், ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி அதை விற்கிறார்களோ, அந்தக் காரணத்துக்காக அதை வாங்கவே கூடாது.

கடைகளில் இந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ் என்ற இனம். செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை, பவளப்பாறை உள்ள கடல்களில் பரவலாக வாழ்வது. மெல்லிய, நீண்ட உடல். மூக்கு முனையிலிருந்து வால்வரை ஓடும் கரும்பட்டை வாலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். அதை ஒட்டிப் பளிச்சென்ற நீலம். வளர்ந்த மீன் 10 செ.மீ. அளவில் இருக்கும், அரிதாக 14 செ.மீ. வரை போகும். லாப்ராய்டிஸ் பேரினத்தில் மொத்தம் ஐந்து இனங்கள் உண்டு. அவற்றுள் வீட்டுத் தொட்டிக்கு ஓரளவேனும் ஒத்துவருவது இந்த ஒன்றுதான். ஊதாவும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் ஹவாய்க் கிளீனர் ராஸை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாங்க வேண்டாம். மற்ற மீன்களின் உடம்பிலிருந்து கிடைக்கும் உணவைத் தவிர வேறெதையும் தொடாமல் மெலிந்து இறப்பதே தொட்டியில் அதன் வழக்கமான முடிவு.

கடலில் இந்த மீனின் உழைப்பு வியக்கத்தக்கது. பவளப்பாறையில் ஓர் இடத்தைத் தன் நிலையமாக வைத்துக்கொண்டு, அங்கே தேடிவரும் மீன்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சுத்தம் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் உள்ள லிசார்டு தீவில் அலெக்ஸாண்ட்ரா குரட்டர் நடத்திய ஆய்வுகளின்படி, ஒரு கிளீனர் ராஸ் நாளொன்றுக்குச் சுமார் 2,300 மீன்களைச் சோதித்து, சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. வாங்குவதற்கு முன் மனத்தில் இருத்த வேண்டிய எண் இந்த 1,200. விற்பவர் இதைச் சிறப்பாகச் சொல்லலாம். வளர்ப்பவர் இதைத் தினந்தோறும் தான் ஈடுசெய்ய வேண்டிய உணவின் அளவாகவே பார்க்க வேண்டும். அந்த ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதி நேத்தியிட் எனப்படும், இறால் நண்டுகளுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர்களின் இளம்பருவம். மணலிலும் பாறை இடுக்கிலும் பதுங்கியிருந்து, மீன் மேல் ஏறி இரத்தத்தைக் குடித்துவிட்டு, மறுபடியும் தரைக்கே திரும்பிவிடுபவை அவை. தனிமைப்படுத்திச் சோதித்த மீன்களை மட்டுமே சேர்க்கும் ஒரு நல்ல தொட்டியில் அவை இருக்காது, இருக்கவும் கூடாது. பகல் முழுதும் தின்றுகொண்டே இருக்கும்படி அமைந்த ஒரு மீனை, அதன் இயற்கையான இரை அறவே இல்லாத ஓர் இடத்தில் விடுகிறோம். இந்த மீனை வளர்ப்பதில் உள்ள மற்ற எல்லாச் சிக்கல்களும் இதிலிருந்து கிளைப்பவையே.

இனி வெண்புள்ளி நோய்க்கு வருவோம். கிரிப்டோகாரியன் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வரும் இந்த நோயில், நாம் வெள்ளைப் புள்ளியாகப் பார்ப்பது மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்திருக்கும் உயிர். அது தோலின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை; ஆகவே கிளீனர் ராஸின் சிறிய வாய்க்கு அது எட்டுவதில்லை. மூன்று முதல் ஏழு நாள் வரை மீனைத் தின்று பெருத்த பிறகு அது தானாகவே உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி, உள்ளுக்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. பிறகு ஓட்டை உடைத்து வெளியே வரும் கூட்டம் மறுபடியும் மீனைத் தேடுகிறது. ஓட்டுக்குள் அது சில நாளும் இருக்கலாம், பத்து வாரங்கள் வரையும் இருக்கலாம். இந்தச் சுழற்சியைத் தெரிந்துகொண்டால், கிளீனர் ராஸுக்குக் கிடைத்த நற்பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும். புள்ளி கண்டதும் ஒருவர் ஓடிப்போய் இந்த மீனை வாங்கித் தொட்டியில் விடுகிறார். சில நாளில் புள்ளிகள் உதிரத்தான் போகின்றன, உதிர்கின்றன. மீன் குணமாக்கிவிட்டது என்று அவர் நம்புகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அடுத்த அலை முன்னிலும் கடுமையாக வரும்போது, புதிதாக வந்த கிளீனர் ராஸின் உடம்பிலும் புள்ளிகள் இருக்கும்.

இந்த நோய்க்கு நான் நம்பும் வழி, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, அளந்து அளந்து காப்பர் மருந்து கொடுப்பதும், அதுவரை பவளத் தொட்டியை மீனின்றிக் காலியாக விட்டுவைப்பதும்தான். அதில் குறுக்குவழி கிடையாது. மற்றோர் ஒட்டுண்ணி நோயான வெல்வெட்டுக்கும் இது பொருந்தும். அது இன்னும் வேகமாகக் கொல்லும் என்பதால் கிளீனர் ராஸை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. தோலின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்கள் விஷயத்தில் மட்டும் இந்த மீனால் ஓரளவு பயன் உண்டு. பெரிய ராஸ் மீன்களின் உடம்பிலிருந்து அத்தகைய புழுக்களை இது குறைப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனால் குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. மூடிய தொட்டியில் எஞ்சும் சிலவே மறுபடி பெருகப் போதும்.

ஒட்டுண்ணி இல்லாத தொட்டியில் இந்த மீன் எதைத் தின்கிறது என்ற கேள்விக்குப் பதில் பலருக்கும் வருத்தம் தரும். குரட்டரும் ரெடுவான் ப்ஷாரியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் கிளீனர் ராஸ் நேத்தியிட்டைக் காட்டிலும் மீனின் உடம்பிலுள்ள சளியையே அதிகம் விரும்புகிறது என்று கண்டறிந்தார்கள். கடலில் இது பெருங்கேடாக முடிவதில்லை. கடிபட்ட மீன் துரத்தும், அல்லது வேறு நிலையத்துக்குப் போய்விடும், ஆகவே துப்புரவு மீனும் ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும். தொட்டி மீனுக்கு வேறு நிலையம் கிடையாது. நாலைந்து மீன்கள் மட்டுமே உள்ள சிறிய தொட்டியில் பசியோடு இருக்கும் ஒரு கிளீனர் ராஸ், நாள் முழுதும் அவற்றின் பின்னாலேயே திரிந்து சளியையும் சில நேரம் செதிலையும் கொத்தும். கொத்துப்பட்ட இடம் முதலில் மங்கும், பிறகு சிவக்கும், கவனிக்காமல் விட்டால் புண்ணாகும். அசையாமல் ஓரிடத்தில் கிடக்கும் சிங்கமீன், மெதுவாக நீந்தும் கடற்குதிரை, மாண்டரின் ஆகியவற்றோடு இதைச் சேர்க்கவே கூடாது. பெட்டிமீன் இருக்கும் தொட்டியில் எச்சரிக்கை இரண்டு மடங்காக வேண்டும். தொல்லை தாங்காமல் அது நச்சை வெளியிட்டால் தொட்டியே காலியாகிவிடக்கூடும். மாறாக, டாங், பெரிய ஏஞ்சல், பெரிய ராஸ் போன்ற உடல்பெருத்த, சுறுசுறுப்பான மீன்கள் பல உள்ள விசாலமான தொட்டியில் இந்தத் தொல்லை பகிர்ந்துபோய்விடுகிறது. நான்கடி நீளத் தொட்டிக்குக் குறைந்த எதற்கும் இந்த மீனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க முடிவு செய்பவர், வெற்றியும் தோல்வியும் கடையிலேயே பாதி தீர்மானமாகிவிடுகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மீனைப் பக்கவாட்டில் பார்ப்பது மட்டும் போதாது. அது நம்மை நோக்கித் திரும்பும்போது வயிற்றையும் தலைக்குப் பின்னாலுள்ள முதுகையும் பார்க்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால், அல்லது முதுகு கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால், அது பல நாள் பட்டினி கிடந்த மீன். இந்த இனத்தில் அந்த நிலையிலிருந்து மீள்பவை மிகச் சில. மீன்தீவனமாக விற்கும் மைசிஸ் என்ற சிற்றிறாலை, உறைந்த நிலையில் உள்ளதை, கண்ணெதிரே போடச் சொல்லி, அது விழுங்குவதைப் பார்த்த பிறகே பையில் போடச் சொல்லுங்கள். வாயில் எடுத்துத் துப்புவதைத் தின்பதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. கரிய உடலில் ஒரே ஒரு நீலக்கோடு ஓடும் மிகச் சிறிய குட்டிகள் பார்க்க அழகாக இருந்தாலும், உடம்பில் சேமிப்பு ஏதும் இல்லாததால் ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்குவதில்லை. பழுத்த பெரிய மீன் புதிய உணவைக் கற்றுக்கொள்வதில்லை. 6 முதல் 8 செ.மீ. வரை உள்ளதே நல்ல தேர்வு.

போலியையும் கவனிக்க வேண்டும். ஆஸ்பிடோன்டஸ் டேனியேட்டஸ் என்ற பிளென்னி, கிளீனர் ராஸின் நிறத்தையும் பட்டையையும் நடனத்தையும் அப்படியே போலி செய்து, நம்பி நெருங்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும் மீன். இறக்குமதியில் இது கலந்துவருவதும் உண்டு. அடையாளம் வாயில் இருக்கிறது: கிளீனர் ராஸின் வாய் முகத்தின் முனையில் இருக்கும், போலியின் வாயோ மூக்குக்கு அடியில் கீழ்ப்புறமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாமே உணவுதான். ஒரு நாளைக்கு ஒரு வேளை தீவனம் போடும் வீடுகளில் இந்த மீன் பிழைக்காது. ஐந்து வேளை, குறைந்தது நான்கு வேளை, சிறிது சிறிதாகக் கொடுத்தாக வேண்டும். மைசிஸ், சத்தேற்றிய ஆர்ட்டீமியா, கோப்பிபாட், மீன் முட்டை, பொடியாக நறுக்கிய மட்டிச் சதை ஆகிய எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் நீரோட்டத்தில் மிதந்துபோகும் உணவை டாங் மீன்கள் வாரிக்கொண்டு போய்விடும். அவற்றோடு போட்டியிட இது பழகியதல்ல. இது பழகியது ஒரு பரப்பின் மேல் ஒட்டியிருப்பதைப் பொறுக்குவதற்கு. இந்த மீனை வைத்துச் சோதனை நடத்தும் ஆய்வாளர்கள் அரைத்த இறாலை அக்ரிலிக் தட்டில் தடவிக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். வீட்டிலும் அதையே செய்யலாம். உரித்த பச்சை இறாலோடு சிறிது மீன்தீவனமும் துளி நோரியும் (உலர்ந்த கடற்பாசி) சேர்த்து மைபோல அரைத்து, கையளவு அக்ரிலிக் துண்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய படலமாகத் தேய்த்து, நீரோட்டம் குறைந்த மூலையில் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்த வேண்டும். முதலில் மீன் தட்டைச் சுற்றி வந்து ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்க்கும். ருசி கண்ட பிறகு தட்டின் மேல் மூலையில் தொடங்கி, ஒரு டாங்கின் விலாவில் வேலை செய்வது போலவே, கொத்து கொத்தாகக் கீழிறங்கி வரும். வழித்தெடுத்த இடத்தில் சிறு சிறு வட்டங்களாகத் தட்டின் தெளிவு தெரியும். எனக்கு இந்தத் தட்டுதான் இந்த மீனை வளர்ப்பதில் கிடைத்த மிகப் பெரிய உதவி. தட்டில் தின்னத் தொடங்கிய பிறகு மற்ற மீன்களைத் தொல்லை செய்வது குறைவதையும் கண்கூடாகப் பார்த்தேன். இத்தனை தீவனம் நீரில் சேர்வதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. கழிவை நுரையாக்கி அகற்றும் சக்தியான புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாத, நுண்ணிய கல்பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு இந்தச் சுமை அதிகம்.

மேலே வலை கட்டாயம் வேண்டும், இது துள்ளி வெளியே விழும் மீன். இரவில் பாறை இடுக்கில் சளியால் உறை போட்டுக்கொண்டு தூங்கும். காலையில் பாறையை ஒட்டி மெல்லிய திரை போல ஏதாவது ஆடினால் பதற வேண்டாம்.

இத்தனை உழைப்புக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? மீன்களுக்குள் நடக்கும் பேச்சைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு என்பேன். கிளீனர் ராஸ் வாலை மேலும் கீழும் அசைத்து ஒருவகையாகத் துள்ளி நீந்துவதைக் கண்டதும், அதுவரை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த டாங் சட்டென நின்று, தலையை உயர்த்தி, துடுப்புகளை எல்லாம் விரித்து, நிறம் சற்று மங்கி, செவுள் மூடியை மெல்லத் திறக்கும். துப்புரவு மீன் ஒரு புறமாக உள்ளே நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு வெளிவரும் வரை அந்த டாங் அசைவதில்லை. போதும் என்று தோன்றினால் டாங் உடம்பை ஒரு முறை சிலிர்க்கும், துப்புரவு மீனும் உடனே விலகிவிடும். வயிற்றுத் துடுப்புகளால் மீனின் முதுகைத் தடவிக்கொடுப்பதையும் பார்க்கலாம். அத்தகைய தொடுதல் மட்டுமே மீன்களின் மன அழுத்த ஹார்மோனைக் குறைக்கிறது என்று மார்த்தா சோரஸும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் காட்டினார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசனோரி கோடா குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டையில் வண்ணப் புள்ளியிடப்பட்ட கிளீனர் ராஸ்கள் கண்ணாடியில் தம்மைப் பார்த்த பிறகு அந்த இடத்தைத் தரையில் உரசித் தேய்த்தன. அதன் பொருள் குறித்து அறிஞர்களிடையே விவாதம் இருந்தாலும், இந்த மீனை அன்றாடம் பார்ப்பவர்களுக்கு அதன் கூர்மையான கவனிப்பு புதிய செய்தியல்ல.

இதே காரணத்தால்தான், கடலிலிருந்து பிடித்துவரும் இந்த மீன்களின் வணிகம் எனக்குக் கவலை அளிக்கிறது. லிசார்டு தீவில் சில சிறு பவளத்திட்டுகளிலிருந்து கிளீனர் ராஸ்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிவந்து, மற்றத் திட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆய்வாளர்கள் 2011இல் முடிவை வெளியிட்டார்கள். துப்புரவு மீன் இல்லாத திட்டுகளில், அங்கேயே தங்கி வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 விழுக்காடும், இனங்களின் எண்ணிக்கை 23 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரு கிளீனர் ராஸைப் பிடிப்பது ஒரே ஒரு மீனைப் பிடிப்பதோடு நிற்பதில்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கையும், தொட்டியில் சரிவரப் பிழைக்காத போதிலும் ஏராளமாக விற்கப்படும் மீன்களுக்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னது. பத்தில் ஒன்பது பேர் தவறான காரணத்துக்காக வாங்கிப் பட்டினி போட்டுவிடும் மீனை, அந்தப் பத்தாவது ஆள் மட்டும் வாங்கினால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற ஒன்பது பேருக்கும் நான் சொல்வது பண்ணையில் வளர்த்த நியான் கோபி. எலகாட்டினஸ் ஓஷியனாப்ஸ் என்ற இந்தச் சிறு மீன் ஃபுளோரிடாவையும் மெக்சிகோ வளைகுடாவையும் தாயகமாகக் கொண்டது, 5 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. வணிக அளவில் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட முதல் கடல்மீன்களுள் ஒன்று. பிறந்தது முதலே தயாரித்த உணவுக்குப் பழகியது என்பதால், விட்ட அன்றே தீவனத்துக்கு ஓடிவரும். துப்புரவு வேலை இதற்கு உபதொழில். கிடைக்காவிட்டால் இது வாடுவதில்லை. கரீபியக் கடலின் துப்புரவுக் கோபிகளை ஆராய்ந்தவர்கள் 2010இல், இவை சளியைவிட ஒட்டுண்ணியையே விரும்புகின்றன என்று கண்டார்கள். கிளீனர் ராஸுக்கு நேர் எதிர். அட்லாண்டிக் மீனான இதனிடம் இந்தோ-பசிபிக் டாங்குகள் தயங்காமல் வந்து துடுப்பை விரித்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. குறை என்று பார்த்தால், ஆயுள் சில ஆண்டுகளே. ஹாக் மீன், குரூப்பர் போன்றவை இதை இரையாகவே பார்க்கும். பெரிய தொட்டியில் ஒரு பாறையோடு ஒதுங்கிவிடுவதால் கிளீனர் ராஸைப் போலத் தொட்டி முழுதும் வலம்வரும் காட்சி கிடைக்காது. வெண்புள்ளி நோயை இதுவும் குணப்படுத்தாது.

லிஸ்மாட்டா ஆம்பாய்னென்சிஸ் என்ற துப்புரவு இறாலும் நல்ல தேர்வே. தானாகத் தீனி தேடிக்கொள்ளும், மீனின் முதுகில் ஏறி வேலை செய்யும், ஆனால் பவளத்தின் வாயிலிருந்து உணவைப் பறிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. காப்பர் துளியளவு இருந்தாலும் இறந்துவிடும், பெரிய ராஸ்கள் இருக்கும் தொட்டியில் அதன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

நியான் கோபியை வாங்குபவர்கள் சிறியதாக இரண்டைச் சேர்த்து வாங்குவது நல்லது, அவை பெரும்பாலும் ஜோடி சேர்ந்துவிடும். விரல் நுழையும் அளவுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைப் பாறையடியில் வைத்தால் அதற்குள்ளேயே முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சுகளை வளர்க்க ஆசைப்படுபவர்கள் அவற்றின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரின் வளர்ப்பை முட்டை கண்ட பிறகு தொடங்கினால் நேரம் போதாது. குழாயை வைக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.